எந்த நாளிலிருந்து, எத்தனை பேருக்கு?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட இடம் கொடுக்கும் 65-ஏ என்ற பிரிவு அதில் இருந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஒரு நாள்கூட அது நடைமுறையில் இருந்ததில்லை. ஆனாலும் “அதான் பன்னிரண்டு மணி நேரம் சட்டமே வந்துடுச்சே” என்ற பேச்சை இன்றும் பட்டறைகளில் கேட்கலாம். சொல்பவர் முதலாளியாக இருந்தால் உரிமையோடு சொல்வார், தொழிலாளியாக இருந்தால் பயத்தோடு சொல்வார். இருவர் சொல்வதும் தவறு.

சிறு கடை, பட்டறை, ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன். அவரிடம் வேலை பார்ப்பவரும் பொருள் வாங்குபவரும் படிக்கலாம், தடையில்லை. கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் சம்பளம், பாக்கி வசூல், பில், பை, கழிவுநீர் என எல்லாப் பக்கமும் விதிகள் மாறியிருக்கின்றன. அத்தனையையும் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. புதிய சட்டம் என்று ஒரு தகவல் போனுக்கு வந்தால் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இது எந்த நாளிலிருந்து? எத்தனை பேர் வேலை செய்யும் இடத்துக்கு? சிறு தொழில்காரர்கள் மாட்டிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால்தான்.

நாள்

மசோதா நிறைவேறுவது ஒரு நாள். ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தருவது வேறொரு நாள். பிறகு அரசிதழில் வெளியாகும். அதற்கும் பிறகு, பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே ‘அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதி அடுத்த வாரமும் வரலாம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் கதை இதுதான். ஊதியத் தொகுப்பு 2019-இலும் மற்ற மூன்றும் 2020-இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பர் 21. இடைப்பட்ட காலத்தில் ‘அடுத்த மாதம் அமல்’ என்ற செய்தி வராத வருடமே இல்லை.

தீர்ப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முன்கூட்டிச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் வேலையைத் தொடங்கிவிட்டுப் பின்னால் அனுமதி கேட்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2025 மே 16 அன்று அடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. ஜூன் மாதம் வக்கீலிடம் வாங்கிய கருத்தை டிசம்பரில் அப்படியே நம்பியவர் தவறான திசையில் போயிருப்பார்.

ஆகவே கோப்பு ஒன்று வையுங்கள். ஒவ்வொரு சட்ட மாற்றத்துக்கும் ஒரு தாள். மேலே நடைமுறைக்கு வந்த தேதி, கீழே அரசிதழ் அல்லது அரசாணை எண். எண் கிடைக்காத தகவலைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். ஆடிட்டர் ஒன்றைச் செய்யச் சொன்னால், “எந்த அறிவிக்கைங்க சார்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஆள் கணக்கு

பத்து, இருபது, ஐம்பது, முந்நூறு. இந்த நான்கு எண்கள் பெரும்பாலான கடமைகளை அடக்கிவிடும்.

பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி, பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு. இருபது ஆனால் பி.எஃப்., போனஸ், குறைதீர்க்கும் குழு. புதிய தொகுப்பின்படி மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கும் இருபது பேர் வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் நாற்பது. முன்பு இது பத்தும் இருபதுமாக இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு ஐம்பது, முன்பு இருபது. நிலையாணைகளுக்கும், ஆட்குறைப்புக்கோ ஆலை மூடலுக்கோ அரசின் முன் அனுமதி வாங்கவும் முந்நூறு, முன்பு நூறு.

எண்கள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். தொழிற்சாலை, ஒப்பந்தம், ஆட்குறைப்பு ஆகியவற்றில் முதலாளிக்கு நெகிழ்வு கூடியிருக்கிறது. சம்பளத்திலும் கணக்குத் தீர்ப்பதிலும் பிடி இறுகியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் முதல் பாதியைப் பற்றிப் பேசுகின்றன, அரசு விளம்பரம் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் ஒரே தொகுப்பில்தான் இருக்கின்றன.

ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு பத்தாவது ஆளை மச்சான் கடைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் ஊரறிந்தது. இ.எஸ்.ஐ. ஆய்வாளர் பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை. சம்பளம் யார் கையிலிருந்து போகிறது, வேலை யார் சொல்லி நடக்கிறது என்றும் பார்ப்பார். ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். இன்னொன்று, ஒருமுறை பத்தைத் தொட்டு இ.எஸ்.ஐ.க்குள் வந்த நிறுவனம் பிறகு எட்டுப் பேராகக் குறைந்தாலும் வெளியே போக முடியாது. பி.எஃப்., கிராஜுவிட்டிக்கும் அப்படியே. தீபாவளி நெருக்கத்தில் ஆள் எடுக்கும் கடைக்காரர்கள் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

சம்பளமும் கணக்குத் தீர்ப்பதும்

புதிய தொகுப்புகள் 29 மத்தியச் சட்டங்களை விழுங்கியிருக்கின்றன. சிறு நிறுவனத்தின் கையைக் கடிப்பது அதில் ஒரே ஒரு வரையறைதான்: ‘ஊதியம்’ என்றால் என்ன?

இதுவரை நம் ஊரில் நடந்தது தெரிந்ததே. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாகப் போட்டு, வீட்டு வாடகைப் படி, பயணப் படி, சிறப்புப் படி என்று மீதியை நிரப்புவது. பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் அடிப்படையில் கணக்கிடப்படுவதால் இரண்டும் குறையும். இப்போது, ஊதியத்தில் சேராத படிகள் எல்லாம் கூட்டினால் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய். அடிப்படையும் அகவிலைப் படியும் சேர்த்து 12,000, மற்றப் படிகள் 18,000. பாதி என்பது 15,000. படிகள் அதைத் தாண்டி 3,000 இருக்கின்றன. அந்த 3,000 ஊதியத்தில் சேர்ந்து, சட்டத்தின் கண்ணில் அவருடைய ஊதியம் 15,000 ஆகிறது. பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம். 1,440 ரூபாயாக இருந்தது 1,800 ஆகும். முதலாளி தரப்பும் அவ்வளவே கட்ட வேண்டும். பத்து வருடம் வேலை பார்த்து அவர் விலகினால் கிராஜுவிட்டி, வருடத்துக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், 69,231 ரூபாய்க்குப் பதில் 86,538 ரூபாய்.

தொழிலாளிக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: மொத்தச் சம்பளம் மாறாமல் பி.எஃப். பிடித்தம் மட்டும் கூடினால் மாதம் கைக்கு வருவது 360 ரூபாய் குறையும். சம்பள நாளில் “என்ன அண்ணாச்சி, குறையுது?” என்று வந்து நிற்பார். முந்தைய மாதமே ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டிவிட்டால் அந்த வாக்குவாதம் வராது.

அடுத்தது கணக்குத் தீர்ப்பது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். வேலையை விட்டுப் போகிறவர் தானாகப் போனாலும், நீங்கள் நிறுத்தினாலும், கடையே மூடினாலும், அவருடைய பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘அடுத்த சம்பளத் தேதிக்கு வாங்கிக்கோ’ என்பது இப்போது சட்ட மீறல். சின்ன நிறுவனங்கள் அதிகம் தடுமாறப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். விடுப்புக் கணக்கு, முன்பணம், சீருடை, சாவி எல்லாம் பார்த்து முடிக்க ஒரு வாரம் பழகிய கை இரண்டு நாளில் முடிக்காது. முன்பணத்தை அவ்வப்போது எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது ஒன்றே வழி.

பணி நியமனக் கடிதம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தர வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் இல்லாதவர்களுக்குத் தொகுப்பு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. 2026 பிப்ரவரியோடு முடிகிற கெடு அது. பத்துக்குக் கீழ் உள்ளவர்களும் கொடுங்கள் என்பேன். கடிதம் கொடுத்தால் ஆள் தலைக்கு மேல் ஏறிவிடுவான் என்று அஞ்சும் முதலாளிகள் உண்டு. தொழிலாளர் அலுவலகத்தில் தகராறு வரும்போது ‘இவர் போன மாதம்தான் சேர்ந்தார்’ என்று நிரூபிக்க அவர்கள் தேடுவதும் அதே கடிதத்தைத்தான்.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் என்ற பழைய விதி நிரந்தரப் பணியாளருக்கு அப்படியே இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு எடுப்பவருக்கு மட்டும் ஒரு வருடம் போதும். பதினோரு மாத ஒப்பந்தத்தை இடைவெளி விட்டு விட்டுப் புதுப்பிக்கும் யோசனை உடனே யாருக்காவது தோன்றியிருக்கும். தொடர் வேலையைச் செயற்கையாக வெட்டுவதைத் தொழிலாளர் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பார்த்துப் பழகியவை.

ஸ்விக்கி, ஸொமாட்டோ போன்ற தளங்களில் ஓடுபவர்களை முதன்முறையாகச் சட்டம் பெயர் சொல்லி அழைக்கிறது. தளத்தை நடத்தும் நிறுவனம் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவீதம் உச்ச வரம்பு. தமிழ்நாடு 2023-லேயே இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைத்தது. உங்கள் கடையே சொந்தமாக இரண்டு பையன்களை பைக்கில் அனுப்பினால் இது பொருந்தாது. அவர்கள் உங்கள் ஊழியர்கள், அவ்வளவுதான்.

மத்தியத் தொகுப்புகள் வந்துவிட்டதால் மாநிலக் கடைச் சட்டம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. 2021-இல் அதில் சேர்ந்த 22-ஏ பிரிவு, கடையில் வேலை செய்யும் அனைவருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும் என்கிறது. கேரளம் 2018-இல் செய்ததை அடுத்து நாமும் செய்தோம். தி.நகர் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே சேலை விரித்த பெண்களின் கால் வீக்கத்திலிருந்து வந்த சட்டம் இது. இதற்கு ஆள் எண்ணிக்கை இல்லை, ஒருவர் இருந்தாலும் ஒரு ஸ்டூல். ஸ்டூலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைக்கும் சூப்பர்வைசரை வைத்துக்கொண்டால் போட்டதில் பயனில்லை.

உள்ளகக் குழு பற்றி ஒரு வார்த்தை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிய நிறுவனத்து விஷயம் என்று எண்ணி விட்டவர்கள் பலர். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் மாவட்டந்தோறும் கணக்கெடுத்துக் குழு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. குழு இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துக்குக் கீழே உள்ள கடையில் வேலை செய்யும் பெண் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். அந்தத் தகவலைச் சுவரில் ஒட்ட ஐந்து ரூபாய் செலவாகும்.

வர வேண்டிய பணம்

இந்தப் பகுதி முதலாளிக்கு மகிழ்ச்சி தரும். திருப்பூரில் தைத்துக் கொடுத்துவிட்டு, கோவையில் பம்ப் உதிரிபாகம் கடைந்து கொடுத்துவிட்டு, ஆறு மாதம் பணத்துக்கு அலைபவருக்கானது.

2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்வது எளிது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாளுக்குள் பணம் வர வேண்டும், ஆனால் எந்த ஒப்பந்தமும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம்.

சட்டம் பழசுதான். பதினெட்டு வருடம் அது பெரும்பாலும் ஏட்டில் இருந்ததற்குக் காரணம், வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். நிலைமையை மாற்றியது வருமான வரிச் சட்டத்தில் நுழைந்த 43-பி (எச்) என்ற சிறு உட்பிரிவு. 2023-24 கணக்காண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை அந்த 15 அல்லது 45 நாளுக்குள் தராமல் ஆண்டு முடிவில் பாக்கி வைத்திருந்தால், வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். அதாவது வரி கூடும். நீங்கள் கேட்க வேண்டியதை இப்போது அவருடைய ஆடிட்டரே மார்ச் மாதம் அவரிடம் கேட்கிறார். 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வருவதால் பிரிவு எண் மாறும், விதி தொடரும்.

இதில் நான்கு பொறிகள் உண்டு. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு, சரக்கு கொடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பில்லுக்கு வட்டி கேட்டால் வழக்கு சிக்கலாகும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு கிடைக்கும், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். தாமதப் பணப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. நடுத்தர நிறுவனத்துக்கு வரி விதி பொருந்தாது. சிறு நிறுவனம் எது என்ற வரம்பும் 2025 ஏப்ரல் 1 முதல் உயர்ந்திருக்கிறது: இயந்திர முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. குறு நிறுவனத்துக்கு இரண்டரைக் கோடியும் பத்துக் கோடியும். நேற்று நடுத்தரமாக இருந்தவர் இன்று சிறு நிறுவனமாகியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

தைத்துக் கொடுத்து மூன்று மாதம் கழித்து, பணம் கேட்கும்போது மட்டும், ‘ஸ்டிச்சிங் சரியில்லை’ என்று டெபிட் நோட் அனுப்புவது ஒரு கலை. சட்டம் அதற்கும் பதில் வைத்திருக்கிறது: சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். எனவே டெலிவரி சலானில் தேதியோடு முத்திரை வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். வழக்கு என்று வந்தால் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். மனுவை இணையம் வழியாகவே கொடுக்கலாம். மன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்த்தால், வாங்கியவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும்.

கல்லாவுக்கு அந்தப் பக்கம்

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பலகையைக் கழற்றிவிடலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராததும் அதே பட்டியலில் இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வருபவருக்கு இந்த உரிமை இல்லை. அங்கே கடைக்காரரின் பெருந்தன்மைதான் சட்டம்.

கடைக்காரர்கள் கவனிக்கத் தவறும் மாற்றம் ஊர் பற்றியது. வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். கோவைக் கடையில் வாங்கிய மிக்ஸிக்கு நாகர்கோவிலில் நோட்டீஸ் வரும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் இணையத்திலேயே புகார் பதியலாம். முதல்படியாக 1915 என்ற உதவி எண்ணில் அழைத்தாலே பல தகராறுகள் முடிந்துவிடுகின்றன. வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு.

நோட்டீஸ் வந்துவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். பதில் சொல்ல 30 நாள், ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15. மொத்தம் 45-க்கு மேல் ஒரு நாள்கூட ஆணையமே தர முடியாது என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது. உரிமையியல் வழக்குபோல வாய்தா வாங்கிக் காலம் தள்ளலாம் என்று கவரை மேசை டிராயரில் போட்டவர்கள், நல்ல பதில் கையில் இருந்தும் அதைச் சொல்ல முடியாமல் தோற்கிறார்கள்.

ஓட்டல்காரர்களுக்கு: பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்ற 2022 ஜூலை வழிகாட்டுதலை 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. வாடிக்கையாளர் தானாகக் கொடுப்பது வேறு. இணையத்தில் விற்பவர்களுக்கு: 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் மட்டும் புதுக் கட்டணத்தைக் காட்டுவது, இல்லாத அவசரத்தை உண்டாக்கி ‘இன்னும் இரண்டே பாக்கி’ என்று எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். இன்ஸ்டாகிராமில் சேலை விற்பவர் இதைப் பெரிய கம்பெனிக்கான விதி என்று எண்ணக்கூடாது. இங்கே ஆள் கணக்கு கிடையாது.

பையும் சாயத் தண்ணீரும்

பிளாஸ்டிக்கில் இரண்டு சட்டம் ஒரே கடையில் நிற்கின்றன. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல் வந்தது, அதன் பட்டியல் வேறு. மத்திய விதிப்படி 120 மைக்ரானுக்கு மேல் தடிப்பான பை செல்லும். நம் மாநில ஆணையோ எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது என்கிறது. மொத்த வியாபாரி ‘120 மைக்ரான், சர்டிபிகேட் இருக்கு’ என்று தருவதை நம்பி வாங்கினால், பிடிக்கும்போது பறிபோவது உங்கள் சரக்கு. மறுபுறம், இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. பல சுவீட் ஸ்டால்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

டீக்கடைப் பேப்பர் கப்பில் குழப்பம் நீண்டநாள் இருந்தது. பேப்பர்தானே என்றால், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் பேப்பர் கப் தடை செல்லும் என்று தீர்ந்தது. துணிபோலத் தோன்றும் ‘நான் ஓவன்’ பைகள் பற்றி மட்டும் அரசு மறுபடி பரிசீலிக்கலாம் என்றது நீதிமன்றம். மாற்றுக்கு 2021 டிசம்பரில் அரசே தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இருக்கிறது. விலை பார்த்தால் துணிப்பை கட்டுப்படியாகாது என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. பையை இலவசமாகத் தரும் வழக்கத்தைத்தான் கைவிட வேண்டியிருக்கும்.

சட்டம் பணத்தோடு இணைந்தால் வேலை செய்கிறது என்பதற்கு டாஸ்மாக் பாட்டிலைப் பாருங்கள். யானைகளின் காலில் கண்ணாடி குத்துகிறது என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஊழியர்களுக்கு வேலைச்சுமை கூடியது என்ற முணுமுணுப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பட்டறை, சாயம், தோல் தொழில் நடத்துபவர்கள் கீழ்க்கண்டதைச் சற்று நிதானமாகப் படிக்கவும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் இருந்த சிறைத் தண்டனை 2024 ஏப்ரல் 1 முதல் நீங்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதமாகிவிட்டது. ‘ஜெயில் போச்சு, இனி பயமில்லை’ என்று சிலர் நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதி தவறான இடத்தில் இருக்கிறது. முன்பு குற்றவியல் நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் தண்டனை, அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இப்போது ஓர் அதிகாரி விசாரித்து அபராதம் போடலாம். அதோடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே சேதத்தைச் சரிசெய்வதற்கான இழப்பீட்டைக் கேட்கலாம் என்று 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘மாசுபடுத்தியவரே செலவைக் கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றியது: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, 1996 ஆகஸ்ட் 28. அதே ஆறு, அதே தொழில் பற்றி 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பேச வேண்டி வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்து, அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்க உத்தரவிட்டது. ஒருமுறை பணம் கட்டியதால் பொறுப்பு தீராது, சேதம் சரியாகும் வரை தொடரும் என்றது. இருபத்தெட்டு ஆண்டுக்குப் பிறகும் நிலமும் கிணறும் மீளவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் கசப்பான பக்கம். திருப்பூர்க்காரர்களுக்கு 2011 ஜனவரி நினைவிருக்கும். நொய்யலில் கழிவு கலந்ததற்காக எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. சொட்டுத் தண்ணீரும் வெளியேறாத முறை வந்த பிறகுதான் திறந்தார்கள். சாயம் போடாத பனியன் கம்பெனிகளும் அந்த மாதங்களில் துணி இல்லாமல் நின்றன. ஜாப் ஒர்க்குக்குத் துணி அனுப்பும் முன், சாயப்பட்டறையின் இயக்க இசைவு எந்தத் தேதி வரை என்று ஒரு நகல் வாங்கி வைப்பது அதனால்தான். உங்கள் இசைவு முடியும் தேதியை மூன்று மாதம் முன்னதாகவே காலண்டரில் வட்டமிடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் மீட்டரையும் மின் மீட்டரையும் தினமும் எழுதுங்கள். இயந்திரம் ஓடியதற்கு வேறு சாட்சி கிடையாது.

போன் நம்பர்

பில் போடும்போது “நம்பர் சொல்லுங்க” என்பது பழகிவிட்டது. மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே, நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று வற்புறுத்துவது தவறு என்று கடைகளுக்கு எழுதியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அந்த விதிகளே நாளைப் பிரித்து வைத்திருக்கின்றன: தரவுப் பாதுகாப்பு வாரியம் உடனே, மற்ற முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே. உச்சபட்ச அபராதம் 250 கோடி. மளிகைக் கடைக்கு அவ்வளவு போட மாட்டார்கள், ஆனால் சட்டம் மளிகைக் கடையை விலக்கவும் இல்லை.

அதற்கு முன் செய்ய வேண்டியது சிறிது. எதற்காக நம்பர் வாங்குகிறீர்கள் என்று பில் மேசையில் தமிழில் ஓர் அட்டை. வேண்டாம் என்பவரை நீக்க ஒரு வழி. வாடிக்கையாளர் பட்டியலை பில்லிங் சாப்ட்வேர்காரரோ விளம்பரக்காரரோ நகல் எடுத்துக்கொண்டு போகாமல் கடவுச்சொல். சீட்டுக் கம்பெனிக்கும் ரியல் எஸ்டேட் நண்பருக்கும் அந்தப் பட்டியலைப் பகிர்ந்திருந்தால், இன்றே நிறுத்திவிட்டு, கொடுத்ததை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்ட தேதியையும் குறித்து வையுங்கள்.